சீல் உடைக்காத தண்ணீர்

கோயம்புத்தூர்க்காரர்களிடம் தண்ணீரைப் பற்றிப் பேச்சுக் கொடுக்கக் கூடாது. சிறுவாணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். வெளியூரில் ஒரு வாய் குடித்ததும் உதட்டைப் பிதுக்குவது எங்கள் பிறவிக் குணம். என் வீட்டுக்காரருக்கு அது கொஞ்சம் அதிகம். எந்த ஊருக்குக் கிளம்பினாலும் அந்த ஊர்த் தண்ணீர் தன்னைப் படுக்க வைக்கக் காத்திருப்பதாகவே நினைப்பார். இந்த ஆவணியில் தஞ்சாவூர்ப் பக்கம் மூன்று நாள் போய்வரலாம் என்று முடிவானதும் அவர் செய்த முதல் காரியம் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனதுதான். சட்டை எடுத்து வைக்கவில்லை, மாத்திரை எடுத்து வைக்கவில்லை. பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஒரு கட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றார். கடைக்காரர்களே தங்கள் கடைப் பெயரை ஒட்டி விற்கிற, இருப்பதிலேயே மலிவான தண்ணீர்.

"காசு குடுத்துத் தண்ணிய வாங்கித் தூக்கிட்டு, காவேரி ஓடற ஊருக்குப் போறீங்களாக்கும்?" என்றேன்.

"காவேரி குளிக்கறதுக்கு. இது குடிக்கறதுக்கு" என்றார்.

எதற்காகப் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் யாழினி சென்னையில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கிற பிரபுவைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறாள். பிரபுவுக்குக் கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் சாதி இல்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அவர்கள் தெரு ஊரைத் தாண்டித் தனியாக இருக்கும். இவ்வளவு சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். யாழினி விஷயத்தைச் சொன்னபோது வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு நாள் காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எனக்குச் சாதியெல்லாம் ஒண்ணுமில்ல. குடும்பம் எப்படி, ஊர் எப்படின்னு நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

யாழினி அன்றைக்குப் போனில் அழுதாள், சந்தோஷத்தில்தான். "அப்பா வேண்டாம்னா நான் பண்ணிக்க மாட்டேம்மா. ஆனா வேற யாரையும் பண்ணிக்க மாட்டேன்" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான், அப்பாவைப் போல. ஆக, மூன்றாம் நாள் அந்த வீட்டில் வைத்து இவர் என்ன சொல்கிறார் என்பதில் என் மகளின் வாழ்க்கை இருந்தது. யாழினியும் பிரபுவும் வரவில்லை. பெரியவர்கள் மட்டும் பார்த்துப் பேசட்டும் என்று விட்டுவிட்டார்கள். முதல் இரண்டு நாளும் கோயிலும் இவருடைய சிநேகிதர் வீடும்.

கிளம்புவதற்கு முன்பே எனக்கு அதே நினைப்பு. அதை மறக்க ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன். கடையில் வாங்குகிற இந்த மலிவுப் பாட்டில், குழாய்த் தண்ணீரைவிட உண்மையிலேயே உசத்தியா? போகிற இடமெல்லாம் விசாரித்துக்கொண்டே போவது என்று முடிவு செய்தேன்.

தஞ்சாவூரில் இறங்கி டவுன் பஸ்ஸில் ஏறினோம். வழியில் ஒரு வேகத்தடை. ஓட்டுநருக்கு அதன்மேல் என்ன கோபமோ, பறந்து இறங்கினார். பாட்டில் கட்டின் பிளாஸ்டிக் தாள் கிழிந்தது. பாட்டில்கள் சீட்டுகளுக்கு அடியில் முன்னும் பின்னும் உருண்டன. பிரேக் பிடித்தால் எல்லாம் ஓட்டுநரிடம் போகும், வண்டி கிளம்பினால் எல்லாம் கடைசி சீட்டுக்கு வரும். என் வீட்டுக்காரர் குனிந்து குனிந்து நடந்தார். கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, தன் காலடிக்கு வந்த பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"ஏங்க, எங்க ஊருல தண்ணி இல்லன்னு யாரு சொன்னா? ஆத்துல இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போவுதே, பாக்கலியா?"

கல்லூரிப் பையன் ஒருவன் பாதி குடித்த பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தான். "மன்னிச்சுக்கங்க சார். காலுக்கிட்ட வந்துச்சு. ஏதோ கம்பெனி விளம்பரத்துக்கு உருட்டி விடுறாங்கன்னு நெனச்சுட்டேன்" என்றான். பஸ்ஸே சிரித்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பாதி பாட்டிலை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மதியம் பெரிய கோயிலுக்கு அருகில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். பந்தி வரிசையில் உட்கார்ந்ததும் பரிமாறுகிறவர் கேட்ட முதல் கேள்வி, "சாதா தண்ணியாம்மா, பாட்டில் தண்ணியா?"

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"பாட்டிலுக்கு பில்லு வரும்."

நேர்மையான பதில். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சாதா தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கேனில் வருகிறது என்றார். அப்படியானால் குழாய்த் தண்ணீரை என்ன செய்கிறீர்கள் என்றேன். "அது சமையலுக்கும்மா. சாம்பார், ரசம், காப்பி எல்லாத்துக்கும் அதான்" என்றார். என் வீட்டுக்காரர் அப்போது இரண்டாம் முறை ரசம் வாங்கிக் கையில் ஏந்தி உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். "கொதிச்சிருக்கும்ல" என்றார்.

இந்தப் பக்கத்துச் சாப்பாட்டை ஒரு வரியாவது சொல்லாமல் போகக் கூடாது. சாயங்காலம் இட்லிக்குக் கடப்பா என்று ஒன்று ஊற்றினார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த வெள்ளைக் குழம்பு, சோம்பு வாசம் தூக்கலாக. எங்கள் ஊரில் இட்லிக்குச் சாம்பாரும் சட்னியும் விட்டால் வேறு யோசனையே இல்லை. பிரபு வீட்டுக்குக் கொண்டுபோக அசோகா அல்வா ஒரு டப்பா வாங்கிக்கொண்டோம். வாங்கும்போது இவரே முந்திக்கொண்டு, "நெய் நல்லா நிக்கற மாதிரி குடுங்க, சம்பந்தி வீட்டுக்கு" என்று கடைக்காரரிடம் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

மெஸ்காரர் சொன்ன கேன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவும் போனேன். தூரமில்லை, பின்தெருவில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. ஒருவர் கேன்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். போர்வெல் தண்ணீரை மிஷினில் விட்டு எடுக்கிறோம் என்றார். மூலையில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம், மேலே தட்டு, தட்டின்மேல் டம்ளர்.

"அது எதுக்குங்க?"

"அது நாங்க குடிக்கிறதும்மா. குழாயில புடிச்சது. மிசின் தண்ணி சப்புன்னு இருக்கும்மா, தாகம் அடங்குன மாதிரியே இருக்காது."

என் கட்சிக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது என்று துள்ளிக்கொண்டு லாட்ஜுக்கு வந்தேன். இவரிடமிருந்த மலிவுப் பாட்டிலை எடுத்து அதன் மேலிருந்த பொடி எழுத்தைப் படித்துக் காட்டினேன். பதப்படுத்திய குடிநீர் என்றுதான் போட்டிருக்கிறது. இவர் மூச்சுக்கு மூச்சு சொல்கிற மினரல் என்ற சொல் எங்கேயும் இல்லை. "அது சின்ன எழுத்துல உள்ள பக்கம் இருக்கும்" என்றார்.

சரி, நாக்கே தீர்ப்புச் சொல்லட்டும் என்று ஒரு பரீட்சை வைத்தேன். லாட்ஜின் கண்ணாடி டம்ளர்கள் மூன்று. ஒன்றில் கீழே இறங்கிப் போய் கார்ப்பரேஷன் குழாயில் பிடித்து வந்த தண்ணீர். ஒன்றில் எங்கள் மலிவுப் பாட்டில். ஒன்றில் மூலைக் கடையில் வாங்கிய விலை உயர்ந்த பாட்டில். நான் மாற்றி மாற்றி வைக்க இவர் முதலில் குடித்தார். ஒன்றைக் குடித்து முகத்தைச் சுளித்தார். "இதுதான் குழாய். சேத்து வாடை வருது" என்றார். அது அவர் கோயம்புத்தூரிலிருந்து தோளில் சுமந்துவந்த அதே தண்ணீர். நாள் முழுக்க பஸ் வெயிலில் வெந்ததில் பிளாஸ்டிக் வாடை ஏறியிருந்தது. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.

அடுத்து என் முறை. மூன்றையும் நிதானமாக ருசித்து, நடு டம்ளரைத் தூக்கி, "இதுதான் மண்ணோட ருசி, இதுதான் குழாய்" என்றேன். அது விலை உயர்ந்த பாட்டில். இப்போது அவர் சிரித்தார். சிறுவாணி நாக்கு இரண்டும் தோற்றுப்போய், மூன்று டம்ளரையும் கலந்து குடித்துவிட்டுப் படுத்தோம். கல்யாணமான புதிதில் இப்படிச் சிரித்திருக்கிறோம். மகளுக்காக வந்த இடத்தில் எனக்கு என் புருஷன் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

இரண்டாம் நாள், தஞ்சாவூருக்குக் கிழக்கே காவேரிக் கரையிலிருக்கும் குத்தாலம். இவரோடு மில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்த செல்வராஜ், வேலையை விட்டு வந்து சொந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பஸ் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போனேன். ஒரு பக்கம் குறுவை அறுவடை மிஷின் ஓடுகிறது, இன்னொரு பக்கம் சம்பாவுக்கு நாற்றங்கால் பச்சையாக நிற்கிறது. வாய்க்கால் தோறும் தண்ணீர். ஆனால் ஒவ்வொரு கடை வாசலிலும் நீலக் கேன்கள் அடுக்கியிருக்கின்றன. எங்கள் ஊரில் இவ்வளவு தண்ணீர் தெருவில் ஓடினால் ஆளுக்கொரு படகு வாங்கியிருப்போம்.

செல்வராஜ் நேராக வயலுக்குத்தான் கூட்டிப் போனார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழாய் வாயில் இரண்டு கையையும் ஏந்தி, குனிந்து மடக்கு மடக்கென்று குடித்தார். மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் குடித்தார்.

"ஏனுங்க, இதுல சீல் இருந்துதுங்களா?" என்றேன்.

"ஓடற தண்ணி. ஒண்ணும் பண்ணாது" என்றார், மீசையைத் துடைத்துக்கொண்டு.

வீட்டுக்குப் போனதும் செல்வராஜின் மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அதையும் இவர் அண்ணாந்து குடித்தார். தாகம் அப்படி. இரண்டு நாளில் மனிதர் திருந்திவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். மிச்சமிருந்த பாட்டில்களை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாமா என்றுகூடக் கேட்டேன்.

சாப்பிடும்போது நாங்கள் கீழ்வேளூர்ப் பக்கம் போவதைச் சொன்னோம். எதற்கு என்று இவர் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் வீடு என்று மட்டும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

"கெழக்க போகப் போக உப்பு ஏறிடும்" என்றார் செல்வராஜ். "அந்தப் பக்கம் நெறைய எடத்துல போரு போட்டா உப்புத் தண்ணிதான். குடிக்கிறதுக்குக் கொள்ளிடத்துலேர்ந்து குழாய் போட்டுக் கொண்டு போறாங்க. அது நல்ல தண்ணிதான். ஆனா தெனம் வராது."

"பாத்தியா" என்று இவர் என் பக்கம் சாய்ந்து காதோடு சொன்னார். "உப்புத் தண்ணியில குளிச்சா முடி கொட்டும். நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கும் ஆகாது."

சென்னையில் இருக்கப் போகிறவர்கள் எதற்குக் கீழ்வேளூர் உப்புத் தண்ணீரில் குளிக்கப் போகிறார்கள்? கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு இவர் ஒவ்வொன்றாகக் காரணம் சேர்க்கிறாரோ என்ற பயம் அன்றைக்கு வந்தது. அல்வாக் கடையில் சம்பந்தி வீடு என்று சொன்னதை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பஸ் பாதி வழியில் டயர் பஞ்சராகி நின்றது. பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அல்வா டப்பாவை யாரும் நசுக்கிவிடாமல் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டே வந்தேன். இறங்குகிற இடத்தில் பிரபுவின் அப்பா இராசேந்திரன் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகக் காத்திருந்தார். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு அதிகமில்லை. எங்கள் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். இவர், "பரவாயில்லீங்க" என்று பையைத் தோளில் மாற்றிக்கொண்டார்.

ஊரைத் தாண்டி, வயலைத் தாண்டி, அவர்கள் தெரு. சிமெண்டுச் சாலை, இரண்டு பக்கமும் மாடியில்லாத கான்கிரீட் வீடுகள். வாசலில் தெளித்திருந்த தண்ணீர் இன்னும் காயவில்லை. பிரபுவின் அம்மா மல்லிகா அங்கன்வாடியில் வேலை பார்க்கிறார். எங்களுக்காக லீவு போட்டிருந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவராக இருக்கலாம். நல்ல சிரிப்பு. "வாங்க, வாங்க, உள்ள வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க" என்று என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

நாற்காலியில் உட்கார்ந்தோம். ஸ்டூலின்மேல் ஒரு தட்டில் எல்லாம் தயாராக இருந்தது. ஆளுக்கொரு சின்னத் தண்ணீர் பாட்டில், சீல் உடைக்காதது. பிரிக்காத பிஸ்கட் பாக்கெட். ஒரு சீப்பு வாழைப்பழம். சின்ன அட்டை டப்பாவில் ஸ்ட்ரா ஒட்டிய பழரசம். இரண்டு நாளாகத் தண்ணீரையே மோந்துகொண்டு திரிந்த எனக்குப் பாட்டில்தான் முதலில் கண்ணில் பட்டது. அதே மலிவு ரகம்தான், வேறு ஊர்ப் பெயர்.

என் வீட்டுக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். நான், "பாட்டில் வேண்டாங்க. உங்க குழாய்த் தண்ணி இருந்தா ஒரு டம்ளர் குடுங்க. ஊருக்கு ஊர் குடிச்சுப் பாத்துட்டு வர்றேன்" என்றேன்.

மல்லிகா நின்றுவிட்டார். இராசேந்திரன் என்னைப் பார்த்தார்.

"எங்க தண்ணியவா கேக்குறீங்க?" என்றார் மல்லிகா.

"உப்பா இருக்குமுங்களா?"

"உப்பெல்லாம் இல்லைங்க. கொள்ளிடத்துத் தண்ணி. நாங்க இதான் குடிக்கிறோம்." உள்ளே போய் எவர்சில்வர் டம்ளரைக் கழுவுகிற சத்தம் கேட்டது. ஒரு முறை, மறுபடி ஒரு முறை. நிறையக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றார். நான் குடித்து முடிக்கும்வரை நகரவில்லை.

குளிர்ச்சியாக இருந்தது. லேசாக மருந்து வாசம், கடைசியில் ஒரு சின்ன இனிப்பு. "நல்லா இருக்குங்க. எங்க சிறுவாணி அளவுக்குச் சொல்ல முடியாது, ஆனா நல்லா இருக்கு" என்றேன். மல்லிகா சிரித்துவிட்டார். "இவ்வளவு நல்ல தண்ணிய வச்சுக்கிட்டு எதுக்குங்க காசு குடுத்துப் பாட்டில் வாங்கறீங்க?" என்றேன். தஞ்சாவூர் மெஸ்ஸில் கேட்ட மாதிரியேதான் கேட்டேன்.

மல்லிகா கணவரைப் பார்த்தார்.

"வர்றவங்களுக்கு வாங்கி வைக்கிறதுங்க" என்றார் மல்லிகா. "ஓட்டுக் கேக்க வருவாங்க, ஆபீசருங்க வருவாங்க. எல்லாரும் நல்லவங்கதான், நல்லாத்தான் பேசுவாங்க. தண்ணி குடுத்தா டம்ளர வாங்கிப் பக்கத்துல வச்சிட்டு, 'இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்'ம்பாங்க. அவங்க போனப்பறம் அந்த ரொம்புன டம்ளர நான்தான் எடுத்துட்டுப் போவணும். அது ஒரு மாதிரி இருக்கும்ங்க. சீல் பாட்டில்னா அவங்களும் பொய் சொல்ல வேண்டியதில்ல, நானும் எடுத்துட்டுப் போவ வேண்டியதில்ல."

குறையாகச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை என்கிற மாதிரிதான் சொன்னார். அப்போதுதான் நான் அந்தத் தட்டைச் சரியாகப் பார்த்தேன். தோல் இருக்கிற பழம், பிரிக்காத பிஸ்கட், ஸ்ட்ரா ஒட்டிய டப்பா. அந்த வீட்டுக் கை பட்ட பொருள் ஒன்றுகூடத் தட்டில் இல்லை. எங்களுக்குச் சங்கடம் வரக் கூடாது என்று யோசித்து யோசித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு உட்கார முடியவில்லை.

என் வீட்டுக்காரர் கையில் பாட்டில் அப்படியே இருந்தது. "எனக்கு வயிறு கொஞ்சம் சரியில்லீங்க" என்றார் அவசரமாக. "டாக்டர் பாட்டில் தண்ணிதான் குடிக்கணும்னு சொல்லியிருக்கார்."

"அதுக்கென்னங்க. நல்லாக் குடிங்க" என்றார் இராசேந்திரன்.

எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. முந்தின நாள் மோட்டார் குழாயில் குனிந்து குடித்த முதுகு என் கண்முன் வந்தது. செல்வராஜ் வீட்டுச் சொம்பும் வந்தது. இவ்வளவு வருஷமாக இவருக்குத் தண்ணீரைப் பற்றிப் பயம் என்று நினைத்திருந்தேன். பயம் உண்மைதான், ஆனால் எல்லா வீட்டிலும் அது வருவதில்லை. இது இவருக்கே தெரியுமா தெரியாதா என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோபம் வந்தது. கூடவே, யாழினியின் நினைப்பும் வந்தது.

பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். சம்பளம், வாடகை வீடு, பிரபு சின்ன வயதில் வாய்க்காலில் விழுந்தது. இவரும் நன்றாகவே பேசினார். ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. பாட்டில் தண்ணீரை மட்டும் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டிருந்தார். உள்ளிருந்து மீன் குழம்பு வாசம் வந்தது. "சாப்பாடு ஆயிடுச்சு. சாப்பிட்டுட்டுத்தான் போவணும்" என்றார் மல்லிகா.

இவர் எழுந்து கைகூப்பினார். "தப்பா நெனைக்காதீங்க. எங்க பக்கமெல்லாம் பேச்சு உறுதியாகாம பொண்ணு வீட்டுலயோ மாப்பிள்ளை வீட்டுலயோ கை நனைக்கறதில்லீங்க."

பொய் இல்லை. சம்பந்தம் பேசப் போன வீட்டில் சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம். என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் இவர் வீட்டார் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள், நாள் குறித்த பிறகுதான் இலையில் உட்கார்ந்தார்கள். நல்ல வழக்கம் ஒன்றை இவர் குடையாகப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நகர்ந்துகொண்டிருந்தார்.

"எங்க பக்கமும் உண்டுங்க" என்றார் இராசேந்திரன். அந்த மனிதர் இதையும் எதிர்பார்த்திருந்தார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவ்வளவு பக்குவமாகத் தலையை ஆட்டினார். மல்லிகா சிரித்த முகத்தோடு தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்து ஒரு பையில் போட்டு என்னிடம் நீட்டினார், வழியில் சாப்பிட. இந்த வீட்டை விட்டு இப்படி இறங்கினால் ஊருக்குப் போய் இவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஊர் ரொம்பத் தூரம் என்பார், உப்புத் தண்ணீர் என்பார். சாதி என்ற சொல்லை மட்டும் சொல்ல மாட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து இவரைக் கேட்காமல் ஒரு பெரிய முடிவும் நான் எடுத்ததில்லை. புடவை நிறம் வரைக்கும் கேட்பேன்.

"பேச்சு உறுதியாகாமத்தானுங்க கை நனைக்கக் கூடாது?" என்றேன். "எனக்குச் சம்மதமுங்க. யாழினி உங்க வீட்டுப் பொண்ணு. பசிக்குது, எலை போடுங்க."

இராசேந்திரன் மெதுவாக உட்கார்ந்துகொண்டார். மல்லிகா பிஸ்கட் பையைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். பிறகு, "ரெண்டு எலை போடவா, ஒண்ணா?" என்று கேட்டார்.

"ரெண்டாப் போடுங்க" என்றேன்.

கை கழுவக் கொல்லைப் பக்கம் போனபோது இவர் பின்னாலேயே வந்தார். "என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"தெரியுமுங்க. நேத்து மோட்டார்ல குனிஞ்சு குடிச்சீங்களே, அப்ப வயிறு எங்க போச்சு?"

மல்லிகா சொம்போடு வந்து என் கையில் தண்ணீர் ஊற்றினார். நான் உள்ளே போய் இலையில் உட்கார்ந்துவிட்டேன். இவர் கூடத்துக்குப் போய் நின்றுகொண்டார். பக்கத்து இலை காலியாகக் கிடந்தது.

சோறும் கொடுவா மீன் குழம்பும். காரம் எங்கள் ஊரைவிட ஒரு பிடி அதிகம். இரண்டாம் கவளம் எடுத்தபோது கூடத்தில் என் போன் அடித்தது. இந்த நேரத்துக்கு யாழினிதான். இவர்தான் எடுத்தார். அவர் பேசியது மட்டும் எனக்குக் கேட்டது.

"சொல்லு சாமி... வந்துட்டோம்... எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க... அம்மாவா? அம்மா சாப்பிட்டுட்டு இருக்கா."

சாப்பிடுகிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். போனிலிருந்து அவள் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது.

"அழாத சாமி" என்றார் இவர். அவர் குரலும் சரியாக இல்லை. அப்புறம், "நானா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இதோ, உக்காரத்தான் போறேன்" என்றார்.

வந்தார். யாரையும் பார்க்காமல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இராசேந்திரனே எழுந்து வந்து அவருக்குச் சோறு பரிமாறினார். மல்லிகா இலைக்குப் பக்கத்தில் பாட்டிலையும் வைத்தார், ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தார். இவர் நன்றாகவே சாப்பிட்டார். குழம்பு மறுபடி கேட்டு வாங்கினார். காரத்துக்குத் தண்ணீரும் குடித்தார், பாட்டிலிலிருந்து. கடைசிச் சொட்டு வரைக்கும் பாட்டிலிலிருந்தேதான். டம்ளர் விளிம்பு வரை நிறைந்து அப்படியே நின்றது.

அவர் கை கழுவ எழுந்து போனதும் நான் இடது கையால் அந்த டம்ளரை எடுத்தேன்.

"வைங்க சம்பந்தி, நான் எடுத்துட்டுப் போறேன்" என்றார் மல்லிகா.

குடித்துவிட்டு, காலி டம்ளராகத்தான் அவர் கையில் கொடுத்தேன்.